பித்தளை வில்லை

எழுநூற்றுப் பத்து மீட்டர் கீழே
இருபத்திரண்டு வருடம்.
இப்போது ஒன்பதாவது மாடி.
இடையில் ஆறு மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ்,
ஒரு மூக்குக்கண்ணாடி.

பித்தோமில் டிராம் ஏறி
கடோவித்சேயில் இறங்குகிறேன்.
டென்மார்க்கில் யாரோ வாங்கிய பம்புகளுக்கு
பெல்ஜியத்தில் யாரோ எழுதிய பில்களைச்
சரிபார்ப்பது என் வேலை.
பம்பை ஒருநாளும் கண்ணில் காட்டுவதில்லை.
அதை இருட்டிலேயே கழற்றி மாட்டுவேன் என்று
சொல்லிப் பார்த்தேன்.
"ரொம்ப நல்லது எர்வின்,
மூன்றாவது கட்டத்தை மட்டும் நிரப்புங்கள்" என்றாள் கிங்கா.
என் மூத்த மகளைவிட இரண்டு வயது சிறியவள்.
என் மேலதிகாரி.
கோபமில்லை.
என் பிழைகளை
யாரும் பார்க்குமுன் திருத்திவிடுகிறவள்.

முதல் வாரம் எல்லோருக்கும்
"கடவுள் துணை" என்றேன்.
கீழே அப்படித்தான்.
எதிரே வரும் விளக்குக்குப் பின்னால் முகம் தெரியாது,
தெரியாத முகத்துக்கும் கடவுள் துணை.
இங்கே ஒரு பையன்
காதிலிருந்து எதையோ உருவிவிட்டு
"யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினான்.
இப்போது நானும் "ஹாய்" சொல்கிறேன்,
இன்னொருவன் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி.

வேலைகூடக் கஷ்டமில்லை,
அது முடிவதுதான்.
அங்கே ஷிப்ட் முடிந்தால் குளியல் கொட்டகை.
நாற்பது பேர்.
எங்கள் உடைகள் சங்கிலியில் ஏறிக் கூரையில் தொங்கும்.
அவன் முதுகை நான் தேய்ப்பேன்,
என் முதுகை அவன்.
கறுப்புத் தண்ணீர் வடிகாலில் இறங்கும்போது
அன்றைய நாளும் இறங்கிவிடும்.
இமையோரக் கரி மட்டும் போகாது.
"கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு
யாரைப் பார்க்கப் போனீர்?" என்பாள் ரூஜா.

இங்கே அழுக்கே படுவதில்லை.
எதைக் கழுவி
எதிலிருந்து வெளியே வருவது?
ஐந்து மணிக்குக் கழிவறையில் நின்று
முழங்கைவரை சோப்புப் போடுகிறேன்.
நுரை வெள்ளையாகவே போகிறது.
வேலை என்னோடு வீட்டுக்கு வந்து
உட்கார்ந்து சூப் குடிக்கிறது.

அங்கே எனக்கொரு பித்தளை வில்லை இருந்தது.
எண் 1147.
இறங்குமுன் ஆணியிலிருந்து எடுக்க வேண்டும்,
ஏறியதும் மாட்ட வேண்டும்.
ஓர் ஆணி வெறுமையாக இருந்தால்
அத்தனை பேரும் திரும்ப இறங்குவார்கள்.
ஒருமுறை என் ஆணி வெறுமையாக இருந்தது.
பதினொரு மணி நேரம்.
பாறைக்கு அந்தப்புறம் யாரோ
குழாயைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள்,
இருக்கிறாயா?
நேர்காணலில் அதை
"நெருக்கடியைக் கையாண்ட அனுபவம்" என்று சொல்லும்படி
பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள்.
சொன்னேன்.
வேலை கிடைத்தது.

இங்கே அட்டை. வந்தாலும் கீச், போனாலும் கீச்.
போகாமலே இருந்தால்
அதற்கு எந்தச் சத்தமும் வைக்கவில்லை.

மாதக் கடைசி, இரவு எட்டு மணி.
அந்தக் கோடியில் கிங்கா, இந்தக் கோடியில் நான்.
அசையாமல் இருந்தால்
ஆளில்லை என்று முடிவு கட்டி
விளக்கை அணைத்துவிடுகிற கட்டடம் இது.
அணைத்தது.
மற்றவர்கள் உடனே கையை வீசுவார்கள்,
கப்பலைக் கூப்பிடுகிறவர்கள் போல.
நான் வீசவில்லை.
எவ்வளவோ நாளைக்குப் பிறகு
என் கண்ணுக்குத் தெரிந்த இருட்டு.
மேஜைகளின் ஓரம், மூச்சுக்காற்று போகும் வழி,
கதவுக்கு எத்தனை அடி
எல்லாம் தானாக விளங்கியது.

"எர்வின்...
இருக்கீங்களா?"

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.
அழுதிருக்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.
பேனாவால் மேஜைக் காலில்
மூன்று தட்டுத் தட்டினேன்.
பிறகுதான் வாய் வந்தது.
"இருக்கிறேன்."

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம்.
அப்புறம் அவள் கையை வீசினாள்.
வெளிச்சம் வந்து கண்ணைக் குத்தியது.
பதினேழாவது பில்லில் ஒரு சைபர் அதிகம் என்றாள்.
பார்த்தேன்.
நான்தான் போட்டிருந்தேன்.